மூன்று முறை இரைய வேண்டிய விசிறி

என் தம்பிக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குக் குரல், கடைக்குட்டிக்கு முடி, நடுவில் பிறந்தவளுக்குப் பிடிவாதம் என்று எங்கள் வீட்டில் பங்கு பிரித்துச் சொல்வோம். அந்த நடுப்பெண்ணைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவோம். நடக்கப் பழகிய வயதில், தன்னைவிட அகலமான தையல் மெஷின் மூடியை ஒற்றைக் கையால் பிடித்துக் கூடத்திலிருந்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். வாங்கப் போனவர்களைக் கடித்தாள். பெயர் வைத்தது அவள் அப்பன்தான். இப்போது அவளுக்கு நாற்பது தாண்டி முன்தலை நரைத்துவிட்டது. பெயர் மட்டும் நரைக்கவில்லை.

தம்பி மகள் எனக்கு மருமகள் முறை. கட்டிவைக்க எனக்கு மகன் இல்லை, அதனால் வெளியில் வாழ்க்கைப்பட்டாள். மருமகளைக் கட்டியவன் எனக்கு மகன் முறை ஆகிறான் அல்லவா? ஆகவே அவள் என்னை அத்தை என்பாள், அவன் பெரியம்மா என்பான். முழங்காலில் கத்தி வைத்த பிறகு நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, எதிர்வீட்டுக்காரி இதைக் கேட்டுக் குழம்பிப்போய், "நீங்க யாருக்கு அம்மா, யாருக்கு மாமியார்?" என்று கேட்டேவிட்டாள். "ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம்" என்றேன்.

கட்டெறும்பின் தொழில் மின்தராசு பழுது பார்ப்பது. கடைத்தெருவில், பொத்தானும் நூலும் விற்கும் கடைக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே காத்திருக்க வேண்டிய அளவுக்கு ஓர் அறை. மேசையில் எப்போதும் வயிறு திறந்த தராசுகள் கிடக்கும். பக்கத்தில் துணி விரித்த மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்கள். அவற்றை வெறுங்கையால் தொடவிடமாட்டாள். விரல் ஈரம் பட்டால் எடை கூடிவிடுமாம். "ஏண்டி, என் விரல்ல அவ்வளவு எடையா இருக்கு?" என்றால், "உங்க விரல்ல இல்ல அத்தை, உங்க எண்ணெயில" என்பாள்.

அவனை அவள் பார்த்ததும் தராசால்தான். அவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அங்கே காகிதக் கட்டு நிறுக்கும் தராசு மக்கர் செய்தது. இவள் போய்ச் சரி செய்துவிட்டு ரசீது எழுதிக் கொடுத்தாள். அவன் அதை வாங்கிச் சிவப்புப் பேனாவால் நாலு இடத்தில் திருத்தித் திருப்பிக் கொடுத்தான். இவள் அதே சிவப்புப் பேனாவை அவன் கையிலிருந்து பிடுங்கி, கூலியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு மறுபடியும் நீட்டினாள். அதற்கப்புறம் அந்தத் தராசு அடிக்கடி பழுதானது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

கல்யாணமாகிச் சில வருஷத்தில் அவன் பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. முதலில் பக்கத்தின் விளிம்பு தெரியவில்லை. அப்புறம் வரியின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் தெரியவில்லை. கடைசியில் நடுவில் ஒரு சொல் மட்டும் சாவித்துவாரத்தில் தெரிவதுபோல் நின்றது. அதுவும் போனபோது அவன் அச்சகத்துக்குப் போய்த் தன் சிவப்புப் பேனாக்களை எல்லாம் மேசைமேல் வைத்துவிட்டு வந்தான். அழவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் நாட்காட்டி தொங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கட்டெறும்புக்குக் கணினிப் பழக்கம் தராசிலிருந்து வந்தது. தராசுக்குள் இருக்கும் சிப் என்ன கணக்குப் போடுகிறது என்று கம்பெனிக்காரர்கள் சொல்ல மாட்டேன் என்றார்கள். "உள்ளே என்ன இருக்குன்னே தெரியாம இது சரியா நிறுக்குதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று சண்டை போட்டாள். அந்த ஆத்திரத்தில்தான், எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தேடிப் பிடித்தாள். எல்லாம் இலவசம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள், ஒருவர் முகம் ஒருவர் பார்த்திராதவர்கள், கூலி இல்லாமல் பராமரிக்கிறார்கள். அதோடு ஒரு பெரிய தொகுப்பும் உண்டு. எழுதுவதற்கு, படம் பார்ப்பதற்கு, கணக்குப் போடுவதற்கு என்று ஆயிரக்கணக்கான மென்பொருள்கள், பொட்டலம் கட்டி அடுக்கி வைத்த சரக்கறை மாதிரி. அதில் சில பொட்டலங்களுக்கு இவள் பொறுப்பாளி ஆனாள்.

அவனுக்குக் கண் போனதும், எழுத்தைப் படித்துச் சொல்லும் ஒரு குரலை இவளே எழுதினாள். முதலில் அது பேசியதைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மூக்கடைத்தவன் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தது. மூச்சு விட வேண்டிய இடத்தில் ஓடும், ஓட வேண்டிய இடத்தில் நிற்கும். ஆனால் அவன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை உயர்த்தி, "பிழை" என்றான்.

அன்றைக்குத்தான் அவனுக்குத் தொழில் திரும்பி வந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் அந்த வீட்டில் அதுதான் நடந்தது. குரல் படிக்கும், அவன் அறையிலிருந்து "பிழை" என்று கூவுவான், அவள் சமையலறையிலிருந்தோ குளியலறையிலிருந்தோ "எந்தச் சொல்லுங்க?" என்பாள், சாயங்காலம் உட்கார்ந்து திருத்துவாள். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது மாதிரி இவர்கள் பிழை பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குரல் மனுஷக் குரலாயிற்று. பொட்டலம் கட்டித் தொகுப்பிலும் சேர்த்தாள். எங்கேயோ இருக்கும் கண் தெரியாதவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். "உங்கள் குரல் என் தம்பிக்குப் பாடம் படித்துக் காட்டுகிறது" என்று ஒருத்தி எழுதியிருந்தாளாம். அந்தக் கடிதத்தை அந்தக் குரலே படித்தது. அதிலும் அவன் ஒரு பிழை கண்டுபிடித்தான்.

நான் முழங்காலோடு போய்ச் சேர்ந்த சமயம் வீட்டில் அமைதி சரியாக இல்லை. அவன் லேப்டாப் கிழடு தட்டிவிட்டது. கீல் உடைந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், நினைத்தால் அணைந்துபோகும். அவனுடைய அண்ணன், செருப்புக்கடைக்காரர், புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அது ஒட்டின நாடா கிழிக்காமல் அலமாரிமேல் பெட்டியோடு இருந்தது.

"ஏண்டி, புதுசு இருக்கும்போது ஏன் இந்தக் கிழத்தைக் கட்டிட்டு அழறீங்க?" என்றேன்.

கட்டெறும்பு என் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "புது மெஷின்ல சிஸ்டத்தோட புது வெளியீடுதான் ஓடும் அத்தை. பழசு அதை அடையாளமே கண்டுக்காது. புது வெளியீட்டுல நம்ம குரல் இல்ல."

"ஏன் இல்ல? நீதானே எழுதின?"

"நான் எழுதினது எழுத்து. மெஷினுக்கு அது புரியாது. எழுத்தை மெஷினோட பாஷைக்கு மாத்திக் கொடுக்க ஒண்ணு வேணும். கம்பைலர்னு பேரு. அது இல்ல."

"அதைச் செய்யேன்."

"அதுல தான் சிக்கல். அந்தக் கம்பைலரையும் நான் குரலை எழுதின அதே பாஷையிலதான் எழுதி வச்சிருக்காங்க. அதை மாத்தணும்னாலும் அதேதான் வேணும்."

நான் கொஞ்சம் யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு உறவுக் கணக்கு. "அதாவது, அதைப் பெத்தவளும் அதே வம்சம். அவளைப் பெத்தவளும் அதே வம்சம்."

"ஆமா."

"அப்ப ஆதியில முதல் ஒருத்தியைப் பெத்தது யாரு?"

ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அதுதான் அத்தை என் தலைவலி."

அப்புறம் விளக்கினாள். அந்தத் தொகுப்பில் ஒரு கண்டிப்பு உண்டு. வெளியே எவனோ செய்து மூடிக் கொடுத்ததை உள்ளே சேர்க்கமாட்டார்கள், எல்லாம் மூல எழுத்திலிருந்து அவர்கள் கண்ணெதிரே உருவாக வேண்டும். இந்தக் கம்பைலருக்கு மட்டும், வேறு வழி இல்லாததால், ஆயத்தமாக ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்து ஒப்பேற்றி வந்தார்கள். இந்தப் புது வெளியீட்டில் சிஸ்டத்தின் அஸ்திவாரத்தையே மாற்றிவிட்டார்கள். அந்த ஆயத்தக் கம்பைலர் இதில் ஓடாது. புதிதாக ஒன்று செய்துதர அதை எழுதியவர்களுக்கும் நேரமில்லை. மாதக் கடைசியில் தொகுப்பின் கதவைச் சாத்துவார்கள். அதற்குள் கம்பைலர் வராவிட்டால் அதோடு, அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும், இவர்கள் குரலையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். தொகுப்புக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். ஒரு வரிக்குமேல் எழுதமாட்டார். இவள் அவரை முசுடு என்பாள். "வெளியே போனதைத் திரும்ப உள்ளே கொண்டுவர வருஷமாகும்" என்று முசுடு எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை செருப்புக்கடை அண்ணன் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் கடையில் பேசுகிற சத்தத்திலேயே வீட்டிலும் பேசுவார்.

"ஏம்மா, சம்பளமா தர்றான்? ஓசியில செய்யற வேலைக்கு இவ்வளவு அலப்பறையா? கடையில ரெடிமேடா பேசற மெஷின் விக்கறான். பட்டனைத் தட்டினா கடகடன்னு படிக்குது. வாங்கித் தர்றேன்."

"கேட்டுப் பார்த்தேன் அண்ணா" என்றான் இவன். "ரயில் ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வருதுன்னு சொல்ற தோரணையிலேயே என் சிநேகிதன் செத்துப்போன சேதியையும் படிச்சுது."

"பழகிடும்டா."

"பழகலாம். தப்பாப் படிச்சா யார்கிட்ட சொல்றது? திருத்த முடியாத குரலோட என்னால குடித்தனம் நடத்த முடியாதுண்ணா."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் முழங்காலைப் பார்த்தேன்.

கட்டெறும்பு கண்டுபிடித்த வழி இது. அந்தப் பாஷையை உண்டாக்கினவர்கள் ஆதியில் ஒரு சின்னக் கம்பைலரை வேறொரு பழைய பாஷையில் எழுதியிருந்தார்கள். அந்தப் பழைய பாஷை புரிகிற கம்பைலர் சிஸ்டத்திலேயே உண்டு. ஆக ஆதித்தாய் வேற்று வம்சத்துக்காரி. அவளிலிருந்து தொடங்கினால் அடுத்த பதிப்பைப் பெறலாம். அது அதற்கடுத்ததைப் பெறும். அப்படி ஏணியேறி இன்றைய கம்பைலர் வரை வரலாம். யாரும் ஏறிப் பார்த்ததில்லை, ஏனென்றால் யாருக்கும் தேவைப்படவில்லை.

தினமும் கடையை மூடிவிட்டு வந்து ஏறினாள். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு மூதாதையின் கிறுக்கு. ஒரு பழைய பதிப்பு, கணினியில் இவ்வளவு நினைவகம் இருப்பதைப் பார்த்து மிரண்டுபோய்ப் படுத்துக்கொண்டது. அது எழுதப்பட்ட காலத்தில் அவ்வளவு நினைவகம் எவனிடமும் இல்லையாம். எண்ணிக்கை தலைகீழாகி, கையில் இருப்பதைக் கடன் என்று நினைத்துக்கொண்டது. "ஒண்டுக்குடித்தனக்காரனைக் கொண்டுபோய் அரண்மனையில விட்டா தூக்கம் வராதில்ல, அப்படி" என்று சொல்லிவிட்டு, அதற்கு ஒரு சின்ன மூலையை ஒதுக்கி, உலகமே இவ்வளவுதான் என்று நம்பவைத்தாள். உடனே வேலை செய்தது.

அவன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். அவளுடைய மேசைக் கணினி கடுமையாக வேலை செய்யும்போது உள்ளே இருக்கும் விசிறி இரையும். வேலை முடிந்தால் அடங்கும். இவனுக்கு அதுதான் திரை. "இன்னும் மேலே போகல, மூச்சு வாங்குது" என்பான். "இப்ப இறங்கிடுச்சு" என்பான். அவளுக்கு அது துணையாக இருந்திருக்க வேண்டும், அடிக்கடி "என்ன செய்யுது?" என்று இவனையே கேட்பாள்.

கடைசிப் படிக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். ஏணியின் உச்சியில் இருப்பது புதுக் கம்பைலரை ஒருமுறை உருவாக்கும். அப்படிப் பிறந்தது தன்னைத்தானே இன்னொரு முறை உருவாக்கும். அதுவும் தன்னை மறுபடி உருவாக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் கம்பைலர் சுத்தம். மூன்று பிரசவம், மூன்று இரைச்சல்.

ஒரு சாயங்காலம் அவள் துள்ளிக் குதித்தாள். "ஆச்சு! ரெண்டும் ஒண்ணா இருக்கு! ஏங்க, ஆச்சு!"

அவன் முகத்தைச் சுளித்தான். "ரெண்டு தடவைதான் இரைஞ்சுது."

"என்ன?"

"விசிறி. மூணு தடவை இரையணும்னு சொன்னியே. ரெண்டுதான் கேட்டுது."

"நீங்க ஒரு தடவை அசந்திருப்பீங்க."

"நானா?"

"காரியம் முடிஞ்சிருக்கு, அதிலயும் பிழை கண்டுபிடிக்கணுமா உங்களுக்கு? முடிவைப் பாருங்க, சரின்னு வந்திருக்கு" என்று சொன்னவள், "பாருங்க" என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் அப்படியே நின்றாள். அவன் அதைக் காதில் வாங்காத மாதிரி, "சரி எறும்பு, அனுப்பு" என்றான். அவளும் அனுப்பினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவன் லேப்டாப் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. இதுநாள்வரை அணைந்த மாதிரி இல்லை. தட்டினோம், சூடு ஆறவிட்டோம், அவள் வயிற்றைத் திறந்து பார்த்தாள். தராசை எழுப்புகிற கைக்கு அது எழும்பவில்லை. "பரவால்ல, புதுப் பெட்டியைத்தான் பிரிக்கப் போறோமே" என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள்.

அதற்குள் முசுடிடமிருந்து ஒரு வரி வந்தது. அவள் அதை மாடிப்படியில் நின்று போனில் படித்தாள். நான் கைப்பிடியைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி?"

"துப்புரவான மெஷின்ல கட்டிப் பார்த்திருக்கார். உருவாகல. உன் மெஷின்ல பழசு எங்கேயோ ஒளிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கார்."

உள்ளே போய்த் தேடினாள். அதிக நேரம் ஆகவில்லை. அவள் கணினி பழைய வெளியீட்டிலிருந்து மேலே மேலே புதுப்பித்துக்கொண்டு வந்தது. பழைய அஸ்திவாரத்தின் துண்டுகள் அடியில் கிடந்தன. அந்த ஆயத்தக் கம்பைலரும் ஒரு மூலையில் கிடந்தது. கட்டும் வேலை தொடங்கியபோது, "ஆள் ஏற்கெனவே இருக்கிறாளே, எதற்கு ஏணி" என்று கணினி முதல் பிரசவத்தை விட்டுவிட்டு அந்தப் பழையவளையே எடுத்துக்கொண்டது. அதனால்தான் விசிறி இரண்டு முறை மட்டும் இரைந்தது. ஏணியின் கடைசிப் படியில் இதுவரைக்கும் யாரும் காலே வைக்கவில்லை.

அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் உங்களைப் போய்…"

"விடு. நான் சொன்னது சரின்னு நிரூபணமாகி என்ன பிரயோஜனம்? குரலா வந்துடப் போகுது?" கையை நீட்டி அவள் தலையைத் தேடி, முன்நரையை விரலால் கோதினான். "இங்க நரைச்சிருக்குன்னு அண்ணி சொன்னாங்க. நிஜமா?"

"உங்க அண்ணிக்கு வேற வேலையில்ல."

"அழறியா?"

"இல்ல."

"பிழை" என்றான்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். எனக்குக் கால் வலித்தது.

அந்த நாட்களில் அவனுக்குப் படித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். செய்தித்தாளில் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அந்தச் செய்தி பழசாகிவிடும். முற்றுப்புள்ளி இருக்கும் இடமெல்லாம் எனக்குத் தெரியாது, மூச்சு முட்டும் இடத்தில் நிற்பேன். அவன் பொறுமையாகக் கேட்டான். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், "பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க…" என்று இழுத்தான்.

"சொல்லுடா, பிழைதானே?"

"ஒண்ணு ரெண்டு."

"எவ்வளவு?"

"படிச்சது பூரா" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவனுக்கு வந்த கடிதங்களை மட்டும் என்னிடம் கொடுக்கவில்லை. அவை போனில் தங்கிக் கிடந்தன. சாயங்காலம் அவள் படித்துச் சொல்கிறேன் என்றாலும், "நீ உன் வேலையைப் பார்" என்றான். அவற்றைத் தனியாகக் கேட்டுப் பழகியவன்.

அவளுக்கு இப்போது பழசின் வாடையே இல்லாத ஒரு கணினி வேண்டும். தன்னுடையதைத் துடைத்துவிடலாம் என்றால், ஏணியில் ஏறின வேலை எல்லாம் அதில்தான் பரப்பி வைத்திருக்கிறாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவன் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய், அலமாரிமேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினான். ஒட்டின நாடாவின் முனையைக் கட்டைவிரலால் நெருடினான்.

"இதைப் பிரி."

"அது உங்களுக்கு. குரல் தயாரானப்புறம் பிரிக்கணும்னு வச்சிருக்கேன்."

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாத மெஷின்தானே உனக்கு இப்ப வேணும்?"

அவள் பிரிக்கவில்லை. அவனே நாடாவைக் கிழித்தான். கிழிகிற சத்தம் அந்த வீட்டில் பெரிதாகக் கேட்டது.

புதுக் கணினியில் முதல் படியிலிருந்து மறுபடி ஏறினாள். வழி தெரிந்த படிகளில் சுலபமாகப் போயிற்று. மிரளும் மூதாதைக்கு மூலை ஒதுக்கினாள். உச்சியில் வந்து நின்றதும் முசுடு சொன்னது நடந்தது. கடைசிப் படி இன்றைய கம்பைலரைப் பார்த்து, எனக்கு இது புரியவில்லை என்று கையை விரித்துவிட்டது. கடைசித் தாவல் பெரிதாகப் போயிருந்தது. நடுவில் ஒரு பதிப்பை, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று அவள் தாண்டியிருந்தாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் தாயை விட்டுவிட்ட கதை. அந்தத் தாயைத் தேடிக் கொண்டுவந்து நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. அவளுக்கும் அவளுக்கான கிறுக்குகள் இருந்தன. மாதம் முடிய நாள் நெருங்கியது. கட்டெறும்பு கடைக்கதவில் இன்று விடுமுறை என்று அட்டை மாட்டினாள். காய்கறிக்காரர் ஒருவர் தராசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அதையும் பார்த்துக் கொடுத்தாள், இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது.

ஒரு பிற்பகல், வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தபோது, புதுக் கணினியில் விசிறி இரையத் தொடங்கியது. பழையதைப் போலக் கரகரப்பாக இல்லை, மெல்லிய ஊளை. அவன் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டான். நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்தேன்.

இரைச்சல் நெடுநேரம் இருந்து அடங்கியது. அவன் ஒரு விரலை மடக்கினான்.

மறுபடி எழுந்தது. இந்த முறை சீக்கிரம் அடங்கியது. இரண்டாவது விரல்.

அப்புறம் சத்தமில்லை. அவள் கைகள் மடியில் இருந்தன. அடுத்த வீட்டில் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. அவன் நீட்டிய விரலை மடக்காமல் காற்றில் வைத்திருந்தான். அந்த ஊளை மெல்லத் தொடங்கியபோது, "ம்" என்றான். அது முடியும்வரை மூச்சுவிட்டானா என்று எனக்குத் தெரியாது.

"மூணு" என்றான்.

"மூணு" என்றாள். "இப்ப ரெண்டாவதையும் மூணாவதையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பார்க்கணும்." சாவிப்பலகையில் ஏதோ தட்டினாள்.

அமைதி.

"என்ன சொல்லுது?" என்றான்.

"ஒண்ணும் சொல்லல."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "மறுபடி கேட்டுப் பாரேண்டி" என்றேன்.

"இல்ல அத்தை." அவள் திரும்பினாள். முகமெல்லாம் தண்ணீர், வாய் மட்டும் சிரிக்கிறது. "வித்தியாசம் இருந்தாத்தான் வாயைத் திறக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணும் சொல்லாது. இதோட வழக்கம் அதுதான்."

"அடிப்பாவி, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றான் அவன். அப்படியே நாற்காலியில் சரிந்து சிரித்தான். எங்கள் வீட்டில் என் தம்பியும் அந்தக் கணினி மாதிரிதான். கட்டெறும்பைப் பெண் கேட்டு வந்தபோது கூடத்தில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். சரி என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டார்தான் பயந்துபோய் இரண்டு முறை கேட்டார்கள்.

அனுப்பினாள். மறுநாள் முசுடிடமிருந்து ஒரு வரி வந்தது, "உருவானது, சேர்த்தாயிற்று" என்று. அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: "நன்றி." அவர் இரண்டு வரி எழுதிப் பார்த்தது அதுதான் முதல்முறை என்று கட்டெறும்பு என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

அந்தக் கம்பைலரைக் கொண்டு குரலையும் உருவாக்கினாள். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. கணினியை அவன் முன்னால் வைத்து, அவன் விரல்களைப் பிடித்து விசைகளின் இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். எதைப் படிக்கவைப்பது என்று தெரியாமல் என் கையிலிருந்த செய்தித்தாளின் முதல் செய்தியையே எடுத்துப் போட்டாள்.

குரல் பேசியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மூக்கடைத்தவன், அதே தண்ணீருக்குள்ளிருந்து. ஓட வேண்டிய இடத்தில் நின்றது, நிற்க வேண்டிய இடத்தில் ஓடியது. முதல் நாள் கேட்டது போலவே இருந்தது.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். விரல் தானாக உயர்ந்தது. "பிழை."

"ஐயோ, இருங்க" என்று அவள் பதறினாள். "இத்தனை வருஷத் திருத்தத்தையெல்லாம் இன்னும் இதுக்குள்ள போடல. தனியா பத்திரமா வச்சிருக்கேன். ஒரே நிமிஷம், கொண்டுவந்து போட்டுடறேன்."

எழப்போனவளின் கையைப் பிடித்து அவன் உட்காரவைத்தான்.

"இருக்கட்டும் எறும்பு. அவசரம் என்ன? இன்னும் கொஞ்ச நேரம் தப்பாவே படிக்கட்டும்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் அடுத்த வரிக்குப் போயிற்று.

"பிழை" என்றான் மறுபடியும்.

"எந்தச் சொல்லுங்க?" என்றாள்.